மருமகன் வீட்டுக் கண்ணாடி அடுப்பு

எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் காப்பி குடிப்பதற்காக அவர் செய்த வேலைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. வாசல் கேட்டின் கொண்டிக்கு எண்ணெய் போட்டிருக்கிறார். கிணற்றடிப் பாசியைச் சுரண்டியிருக்கிறார். ஒருமுறை நான் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் எங்கள் முருங்கையில் அப்பியிருந்த கம்பளிப்பூச்சிகளைப் பந்தம் கட்டிச் சுட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறிப்போவும் மாமா, குடிச்சிட்டுப் பண்ணுங்க" என்றேன்.

"ஆறட்டும் மக்கா. சோலிய முடிச்சிட்டுக் குடிச்சாத்தான் தொண்டையில எறங்கும்."

அவர் வருவது தெரிந்தாலே, வீட்டில் எது உடைந்து கிடக்கிறது என்று மனசுக்குள் தேட ஆரம்பித்துவிடுவேன். ஒன்றும் அகப்படாவிட்டால் வந்த மனுஷன் ஒன்றும் குடிக்காமல் போய்விடுவாரே என்று பயம்.

அவர் என் தோழி கீதாவின் அப்பா. கீதாவும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவர் கொட்டாரம் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் அண்ணாச்சி, எனக்கு மாமா. யாரிடமும் ஒன்றைச் சும்மா வாங்கிக்கொள்வது அவருக்கு ஆகாது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காரும் முன் ஒரு வாளி ரசமாவது பரிமாறிவிட வேண்டும். மழைக்கு நான் கொடுத்தனுப்பிய குடை திரும்பி வந்தபோது, கம்பியை விட்டுப் பிய்ந்திருந்த துணி நூல் போட்டுத் தைத்திருந்தது. சின்ன வயதில் இதையெல்லாம் பெரிய குணம் என்று நினைத்தேன். குணமில்லை, அது ஒரு நோவு. பிறத்தியார் கையிலிருந்து ஒரு பொருள் தன் கைக்கு வரும்போது அவர் முகம் சுருங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

அப்படிப்பட்டவருக்குக் கடை போனது. கீதாவின் அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் வீடும் போனது, பிறகு அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். அவர் கோயில் தெருவில் ஓர் ஒற்றை அறையில் பொங்கித் தின்றுகொண்டு கிடந்தார். கீதா கல்யாணமாகி அமெரிக்காவில் பனி கொட்டுகிற ஏதோ ஓர் ஊரில் இருந்தாள். அவளும் புருஷனும் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த மனையை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தபோது, அப்பாவை அங்கே கொண்டுவந்து வைத்துவிடலாம் என்பதுதான் அவர்கள் எண்ணம். அவரிடம் கேட்டதும் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"மருமவன் வீட்டுல போய்க் கெடக்கவா?" என்று என்னிடமே கேட்டார். "அதுக்கு நான் அம்பலத்து வாசல்ல துண்ட விரிச்சு இருந்துக்குவேன்."

எங்கள் பக்கத்தில் மகன் வீட்டில் அடித்துப் பிடித்து இருக்கலாம், சண்டை போட்டுக்கொண்டும் இருக்கலாம். மருமகன் வீட்டில் நிரந்தரமாக வந்து இருக்கிற மாமனாரைப் பற்றிப் பேசுகிற பேச்சே வேறு. அந்தப் பேச்சை அவரே கடைத் திண்டில் உட்கார்ந்து வேறு ஆட்களைப் பற்றிப் பேசியிருக்கிறார். நானே கேட்டிருக்கிறேன். அதனால்தான் அவரால் முடியவில்லை.

ஒருநாள் கீதா போன் பண்ணினாள்.

"ஏட்டி, இவருக்கு ஒரு யோசனை தோணியிருக்கு கேட்டியா. ஹால்ல ஃபயர்பிளேஸ் வைக்கப் போறாரு. இங்க உள்ளது மாதிரி, விறகு எரிக்கது, முன்னால கண்ணாடிக் கதவு போட்டு. அவருக்கும் அதுல ஒரு ஆசை உண்டும். அத பாத்துக்கிட ஆளில்ல, மாசத்துக்கு ஒருக்கா பத்தவச்சு துடைக்கலேன்னா சிம்னி கெட்டுப்போவும், வீடே நாறும்னு அப்பாட்ட சொல்லப் போறாரு. வேலைன்னு சொன்னா அப்பா வருவாங்க."

"நெசமாவே கெட்டுப்போவுமா?"

அவள் சிரித்தாள். "மேல ஒரு மூடியப் போட்டு அடைச்சாச்சுன்னா அது பாட்டுக்குக் கெடக்கும். நீ வாய விட்டுராத, என்ன?"

சித்திரை வெயிலில் விசிறியடியிலேயே நாங்கள் வேர்த்து வடிகிற ஊரில் குளிர்காய ஓர் அடுப்பு. கொத்தனார் சிரித்தார், ஆசாரி சிரித்தார். கூரைக்கு மேல் செங்கல் புகைபோக்கி எழும்பியபோது, வீட்டுக்குள்ளேயே பேக்கரி போடப் போகிறார்கள் என்று தெருவில் பேச்சு. ஆனால் கீதா புருஷன் சொன்னது போலவே காரியம் நடந்தது. அவர் வீடியோ காலில் வந்து, ஓர் ஒத்தாசை கேட்கிறவர் மாதிரி தணிந்து கேட்டார். மாமா சில நாள் யோசித்தார். பிறகு சாயங்காலம் ஒன்றில் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"எனக்கு அங்க ஒரு வேல வந்திருக்கு மக்கா" என்றார். "பொறுப்புள்ள வேல. ஆளு கெடைக்கல்லியாம். நான் சரின்னு சொல்லிட்டேன்."

முதல் உத்தியோகத்துக்கு ஆர்டர் வந்த பையன் மாதிரி அவர் முகம் இருந்தது. "நல்லதாப் போச்சு மாமா" என்றேன். அப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், தரையில் கிடந்த எதையோ பொறுக்குவது போலக் குனிந்துகொண்டேன்.

அத்தனை பெரிய வீட்டில் சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையை எடுத்துக்கொண்டார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், தன் பானை. மாடிக்கு ஏசி அறைகளைப் பெருக்கப் போவதோடு சரி. அது வேலையாள் அறை மாமா என்று சொன்னதற்கு, "பின்ன நான் யாராக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

முதல் தடவை தீ போட்ட அன்று தெருவே கூடிவிட்டது. புகைபோக்கிக்குள் ஓர் இரும்புத் தகடு உண்டு, அதைத் திறந்துவிட்டுத்தான் தீ வைக்க வேண்டும். மருமகன் சொன்னது அவருக்கு மறந்துபோய்விட்டது. விறகும் ஈர ரப்பர் விறகு. கதவு, ஜன்னல், சாவித் துவாரம் வரை புகை. எதிர்வீட்டுக்காரர் வாளியும் தண்ணீருமாக ஓடிவந்து, நல்ல சோபாவில் கொட்டினார். மாமா கண் சிவந்து, மூக்கு ஒழுக, வெளியே வந்து நின்று எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒண்ணுமில்ல, படிச்சிட்டிருக்கேன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்த அடுப்பு விஷயத்தில் நான் சிரித்ததில் அந்த ஒன்று மட்டும்தான் கள்ளமில்லாத சிரிப்பு.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டார். எல்லாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். கண்ணாடி கரி பிடித்துக் கறுத்துப்போனதும் தேங்காய் நாரும் மணலும் போட்டுப் பானை தேய்க்கிற மாதிரி தேய்த்துவிட்டார், வலது கதவில் கீறல் விழுந்துவிட்டது. அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அந்தக் கீறல் அவருக்குக் கடைசிவரை உறுத்தல்தான். யார் வந்தாலும் அவர்களை இடது பக்கமாகவே நிறுத்தி அடுப்பைக் காட்டுவார். தீ முழுக்க ஆறின பிறகு, ஈரக் காகிதத்தை அந்த அடுப்பின் மெல்லிய சாம்பலிலேயே தொட்டுத் துடைத்தால் கரி தானாகக் கழன்று வரும் என்று மருமகன் பிறகு சொல்லிக்கொடுத்தார். தணல் ஆறாத சாம்பலை அள்ளி ஒரு பிளாஸ்டிக் வாளியை உருக்கிய பிறகு, மூடி போட்ட தகர வாளி வந்தது. கண்ணாடிக் கதவைச் சுற்றிக் கயிறு மாதிரி ஒரு அடைப்பு உண்டு, அது எங்கேயாவது விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்.

ஆடிக் காற்று தொடங்கினால் அவருக்குக் கவலை தொடங்கிவிடும். எங்கள் ஊர்க் காற்று மேலிருந்து புகையைக் கீழே அமுக்கும். ஐப்பசி மழையில் புகைபோக்கிக்குள் ஈரம் இறங்கி நனைந்த கரியின் நாற்றம் ஹாலில் நிற்கும். ஒரு வருஷம் மரப்பட்டி, அதுதான் மரநாய், உள்ளே இறங்கிக் குட்டி போட்டுவிட்டது. அந்தக் குட்டிகள் பெரிதாகி வெளியேறும்வரை தீ போடவில்லை. அந்த மாதங்களில் மருமகனுக்குக் கணக்குச் சொல்ல முடியவில்லையே என்று அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மரப்பட்டியையும் குட்டிகளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி என்னிடம் வந்து நின்றார். தான் சும்மா இருந்துவிட்டதாக மருமகன் நினைத்துவிடக் கூடாது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த அடுப்பு வந்த பிறகு அவர் மாறினார். எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து, காப்பியை வாங்கிக் கடகடவென்று குடித்துவிட்டு, "வாறேன் மக்கா, அடுப்பு வேல கெடக்கு" என்று போய்விடுவார். கேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். வேலை உள்ள மனுஷன் அப்படித்தான் இருப்பான் என்பது போல இருந்தார். முகச் சுருக்கம் போய்விட்டது. கீதாவிடம் நான் இதைச் சொன்னபோது போனிலேயே அழுதுவிட்டாள்.

தீ போடும் நாளில் என்னையும் கூப்பிடுவார். ஹாலில் எல்லா விசிறியும் சுழல, நான் வேர்த்து நனைந்து உட்கார்ந்திருப்பேன். முதலில் ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்தி மேலே காட்டுவார். "உள்ளே உள்ள காத்து சூடாவணும், அப்பந்தான் பொகைக்கு வழி தெரியும், பாத்தியா" என்பார். தீ நின்று எரிய ஆரம்பித்ததும் கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்புவார். "இத மட்டும் கவனிக்காம விட்டிருந்தா இந்நேரம் இந்த வீடு என்ன கதிக்கு ஆயிருக்கும், தெரியுமா?" ஆமாம் என்று தலையாட்டுவேன். அவர் பேசப் பேச ஆட்டிக்கொண்டே இருப்பேன். சில சமயம், நன்றாகக் கேட்கிறேன் என்று காட்டுவதற்காகக் கேள்விகூடக் கேட்பேன். ஏமாற்றுவதிலேயே இது கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தெரியும். அவர் சந்தோஷமாகப் பதில் சொல்லும்போது அந்த நெருப்புக்குள் போய் விழுந்துவிடலாமா என்று இருக்கும்.

கீதாவும் புருஷனும் லீவில் வந்த ஒரு மார்கழியில், சொந்தக்காரர்களுக்கெல்லாம் வீட்டில் சாப்பாடு வைத்தார்கள். சாயங்காலம் ஹால் நிறைய ஆட்கள், பட்டும் மல்லிகைப்பூவும். மாமா காலையிலேயே கண்ணாடியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். எல்லாரும் பார்க்கத் தீ போடுவதாக ஏற்பாடு. சமையலறைப் புகை விசிறி ஓடினால் அது ஹாலிலிருந்து காற்றை இழுக்கும், அடுப்புப் புகை மேலே போகாமல் திரும்பி வந்துவிடும். அதனால் அவரே போய் அதை நிறுத்திவிட்டு, சமையல்காரரிடமும் சொல்லிவிட்டு வந்தார். அவர் தீ வைத்துவிட்டு எழுந்த நேரம், பப்படம் பொரிக்கிற காந்தல் தாங்காமல் சமையல்காரர் விசிறியைத் திரும்பப் போட்டுவிட்டார்.

புகை முழுதும் ஹாலுக்குள் வந்தது. குழந்தைகள் இருமின, பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். என்ன நடந்திருக்கிறது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஓடிப்போய் விசிறியை நிறுத்தினார், ஜன்னலைத் திறந்தார். ஆனால் சமையல்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "என் தப்புதான். மன்னிக்கணும், என் தப்புதான்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

மருமகனின் பெரியம்மா ஒருத்தி இருமி முடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "மருமவன் வீட்டுல இருக்கோம்னா ஒரு மூலையில அடங்கி இருக்கணும். தீய வச்சா வெளையாடுகது?"

மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கீதா புருஷன் நல்லவர். இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். அவருக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போய் மாமாவின் தோளில் கையைப் போட்டார். எல்லாருக்கும் கேட்கும்படி, குரல் தழுதழுக்கச் சொன்னார்.

"மாமா, நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கியோ? இது எரிஞ்சா என்ன, எரியலேன்னா என்ன? ஒரு மூடியப் போட்டு மூடுனா முடிஞ்சுது காரியம். ஒங்கள இந்த வீட்டுல கொண்டாந்து இருத்தணும், வேற எதச் சொன்னாலும் நீங்க வரமாட்டியோன்னுதானே நானும் கீதாவும் இந்த அடுப்பே கெட்டுனோம்? இது ஒங்க வீடு மாமா. நீங்க சும்மா இருந்தாப் போதும்."

கேட்டவர்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது. "இப்பிடி ஒரு மருமவன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றார் ஒருவர். ஒரு வயசாளி கை தட்டினார். பெரியம்மாகூட, "நான் அப்பிடி நெனச்சுச் சொல்லல்ல" என்று மூக்கைச் சிந்தினாள். கீதா ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லாரும் சேர்ந்து, அன்பாகச் சிரித்தார்கள்.

மாமாவும் சிரித்தார். "அப்பிடியா" என்றார். பிறகு அவர் கண் ஹாலில் ஒவ்வொரு முகமாகப் போனது. யாருக்கெல்லாம் இது புதுச் செய்தி என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. ஆச்சரியமும் சிரிப்புமாக இருந்த முகங்களைத் தாண்டித் தாண்டி வந்து என்னிடம் நின்றது. என் முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நான் நின்றேன்.

மறுநாள் காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"மக்கா, ஒனக்கும் தெரியுமா?"

"எது மாமா?" என்று கேட்டேன். எது என்று தெரியாமலா கேட்டேன்.

"அந்த அடுப்பு."

உண்மையைச் சொல்லிவிட ஒரு நிமிஷம் இருந்தது. வாயைத் திறந்தேன். "தெரியாது மாமா. எனக்கும் நேத்துதான் தெரியும்" என்று வந்தது.

அவர் கோபப்படவில்லை. அவர் என்னையே பார்க்க, நான் ஏற்கெனவே பிழிந்திருந்த துணியைத் திரும்பவும் பிழிந்தேன். "நல்லது" என்றார். "நீயாவது தெரியாம இருந்தியே." நாலடி நடந்தவர் திரும்பி வந்தார்.

"இனி தீ போடச்சில நீ பாக்க வரண்டாம், என்ன? நீ தலைய ஆட்டிக் கேட்டுட்டு இருப்ப. எனக்குப் பேசத் தோணிரும்."

சரி என்று சொன்னேன். அதற்கும் தலையைத்தான் ஆட்டியிருப்பேன்.

அவர்கள் ஊருக்குப் போனதும் கீதா போன் பண்ணினாள். நல்ல வேளை, இவரே சொல்லிவிட்டார், இனி ஒளிக்க ஒன்றுமில்லை, அப்பா நிம்மதியாக இருக்கட்டும் என்றாள். புகைபோக்கிக்கு மூடி வாங்கப் பணம் அனுப்பியிருப்பதாகவும் சொன்னாள். அந்த மூடியை அவர் வாங்கவில்லை. போக வேறு இடமும் அவருக்கு இல்லை. மகளுக்குச் சங்கடம் என்று தெருவில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, அந்தச் சின்ன அறையை விட்டு மாறவுமில்லை. என்னைப் பார்த்தால் நன்றாகத்தான் பேசினார், மழையைப் பற்றி, என் முட்டுவலியைப் பற்றி.

மாதத்துக்கு ஒருமுறை, மத்தியானத்தில், ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு அவர் தனியாகத் தீ போட்டார். யாருக்கும் தேவையில்லாத வேலை என்று எல்லாருக்கும் தெரிந்துபோன பிறகு அதை அவர் எதற்குச் செய்தார், உள்ளே யாரிடமாவது பேசினாரா, எனக்குத் தெரியாது. அவர் இருந்தவரைக்கும் புகை மேலே எழும்பும்போதெல்லாம் நான் போய் எங்கள் வீட்டின் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவேன். நான் பார்க்கவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, சத்தம் கேட்கும்படியாகச் சாத்துவேன்.